காரணம் தெரியாத வரிசை

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும். நாக்கோடு நிறுத்திக்கொள்கிறேன், மற்ற உறுப்புகளுக்கு இன்னும் கொஞ்சம் வேலை பாக்கியிருக்கிறது. கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. யாரும் நம்பமாட்டார்களே என்று சில இடங்களில் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஒரு பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறையில் பேராசிரியர் ஒருவர். பிள்ளைகள் அவரை வரிசை வாத்தியார் என்பார்கள். மனிதர்கள் எதற்காக ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார்கள் என்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி. பிடரியைப் பார்த்தே ஆளின் குணத்தைச் சொல்லிவிடுவார். வங்கியில் முன்னால் நின்ற ஒருவரிடம், "வீட்டுல மாமியாரோட மனஸ்தாபம் போல" என்று சொல்லப்போய், அந்த ஆள் அங்கேயே அவர் தோளில் சாய்ந்து அழுததும், பின்னால் நின்றவர்கள் அழுகை முடியும்வரை பொறுமையாகக் காத்திருந்ததும் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

அந்தப் பல்கலைக்கழகத்தில் விடுமுறைக்கு விடுமுறை, ஆசிரியர்களே மாணவர்களை வெளிநாட்டுக்கு அழைத்துப்போய் இரண்டு வாரம் பாடம் நடத்திக் கூட்டி வருவார்கள். கட்டடக்கலை ஆசிரியர் பாலம் காட்டுவார். வரலாற்றாசிரியர் கோட்டை காட்டுவார். நம் வாத்தியார், "நான் வரிசை காட்டுறேன்" என்று விண்ணப்பித்தார். குழு சிரித்து முடிக்கச் சற்று நேரமாயிற்று. பிறகு, போனால் போகிறதென்று ஒரே ஒரு முறைக்கு அனுமதி தந்தது. நிபந்தனையும் போட்டது: பிள்ளைகள் அந்த ஊரில் உண்மையான ஒரு வரிசையில் நின்று ஆய்வு செய்ய வேண்டும், அதைத் துணைப் பதிவாளர் கண்ணால் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து விழாவிட்டால் படிப்பு ரத்து, பிள்ளைகளுக்கு மதிப்பெண் இல்லை, வாத்தியார் தேர்வுப் பிரிவுக்குப் போய் விடைத்தாள் கட்டுகளுக்கு நூல் கட்டலாம்.

துணைப் பதிவாளர் வேறு யாருமில்லை, வாத்தியாருடைய மனைவியின் கூடப்பிறந்த அக்கா. அலுவலகத்தில் அவருக்கு மேடம், வீட்டில் அண்ணி. சொந்தக்காரர் என்று சலுகை காட்டிவிட்டதாக நாலு பேர் பேசிவிடக்கூடாதே என்பதற்காக, அந்த அம்மாள் அவரிடம் மட்டும் இரண்டு மடங்கு கண்டிப்பாக இருப்பார். வீட்டு விசேஷத்தில் அவருக்குச் சாப்பாடு பரிமாறும்போதுகூட மேலும் கீழும் பார்த்துத்தான் பரிமாறுவார்.

விமானத்தில் வாத்தியார் பிள்ளைகளுக்குத் தன் ஆய்வு முறையைக் கடைசியாக ஒருமுறை ஓதினார்.

"வரிசையில நின்னுட்டா, என்ன ஆனாலும் விலகக்கூடாது. எதுக்கு நிக்கிறோம்னு யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. சொன்னா அவங்க நடத்தை மாறிடும், ஆய்வு கெட்டுடும். முக்கியமா, எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் முன்னால விடக்கூடாது."

"உங்களையே விடக்கூடாதா சார்?" என்று கேட்டாள் வாயாடி.

"என்னை முதல்ல விடக்கூடாது."

வாயாடியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பக்கத்து இருக்கையில் அந்த ஊர்க்காரப் பெண்மணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாயாடிக்குப் பேசாமல் இருக்க முடியாது. அந்தப் பெண்மணிக்கோ தன் மொழியைத் தவிர வேறு தெரியாது. விமானம் தரையிறங்குவதற்குள் இவள் அந்த மொழியை முழுதாகக் கற்று, இரண்டு இடத்தில் அந்தப் பெண்மணியின் இலக்கணத்தையும் திருத்திவிட்டிருந்தாள். இனி அந்த ஊர்க்காரர்கள் பேசுவதெல்லாம் நமக்குப் புரியப்போவது அவள் புண்ணியத்தில்தான்.

ஊர் அழகான ஊர். துடைத்து வைத்த தட்டு மாதிரி தெருக்கள். ஆனால் முதல் நாளே வாத்தியாருக்குச் சிக்கல் தெரிந்துவிட்டது. ரொட்டிக்கடையில் வரிசை இல்லை. இயந்திரம் ஒரு சீட்டைத் துப்புகிறது, வாங்கிக்கொண்டு அவரவர் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார்கள். மருத்துவமனையில் இல்லை, முறை வந்ததும் போன் கூப்பிடுகிறது. பேருந்து நிறுத்தத்தில்கூட ஆளுக்கொரு மரத்தடியில் நிற்கிறார்கள். தனக்கு முன்னால் வந்தவர் யார் என்று மனசிலேயே வைத்துக்கொண்டு, பேருந்து வந்ததும் பிசகாமல் ஏறுகிறார்கள்.

உள்ளூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வரவேற்க வந்த பேராசிரியரிடம் ஓடினார்.

"வரிசையா?" என்று அவர் சங்கடமாக நெளிந்தார். "அதெல்லாம் எங்க தாத்தா காலத்தோட போச்சுங்க. நீங்க எதைப் படிச்சுட்டு வந்தீங்க?"

"பழைய புத்தகம் ஒண்ணு. இந்த ஊர்ல தும்மறதுக்குக்கூட வரிசையில நிப்பாங்கன்னு போட்டிருந்துச்சு."

"நின்னாங்க. அதனாலதான் ஒழிச்சோம். வேணும்னா அருங்காட்சியகத்துல ஒண்ணு இருக்கு, காட்டவா?"

அருங்காட்சியகத்தில், வரிசைக்குக் கட்டும் கயிறும் இரண்டு கம்பங்களும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. அவற்றைப் பார்க்க வரிசை இல்லை.

நாட்கள் கரைந்தன. பிள்ளைகள் காலையில் புறப்பட்டு ஊரைச் சல்லடை போட்டுச் சலித்து, மாலையில் தொங்கிய முகத்தோடு விடுதிக்குத் திரும்பினார்கள். கையெழுத்துக்காகக் கூடவே வந்திருந்த அண்ணி விடுதிக் கூடத்தில் பேனாவை மூடியோடு பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். கடைசி நாளுக்கு முந்தைய மாலை அவரே வாயைத் திறந்தார்.

"என்ன மாப்பிள்ளை, தேடிப் பிடிச்சீங்களா, இல்ல தேர்வுப் பிரிவுக்கு நூல்கண்டு வாங்கிட்டுப் போவோமா?"

"நாளைக்கு ஒரு நாள் இருக்கு அண்ணி."

"வெளியூர்ல நான் மேடம்."

"இருக்கு மேடம்."

ஊரிலிருந்து மனைவி போனில் பேசினார். "அக்கா கையெழுத்துப் போடலன்னா நீங்க பேசாம அங்கேயே இருந்துடுங்க. உங்க ரெண்டு பேர் முகத்தையும் ஒரே கூடத்துல வெச்சுப் பார்க்க என்னால ஆகாது."

கடைசி நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகளும் வாத்தியாரும் ஒரு சந்துக்குள் மாட்டிக்கொண்டார்கள். ஒதுங்க இருந்தது ஒரே ஒரு கூரை விளிம்பு. ஒரு முழ அகலம்கூட இருக்காது. ஆனால் சுவர் நெடுக ஓடியது. வேறு வழியில்லாமல் ஒருவர் பின்னால் ஒருவராகச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். முதல் ஆளாக நின்றவன் தூங்குமூஞ்சி. நின்றுகொண்டே தூங்கும் வரம் பெற்றவன். அங்கிருந்த பச்சைக் கதவு ஒன்றில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் கண்ணை மூடிவிட்டான். அவன் பின்னால் வாயாடி. கடைசியில் வாத்தியார்.

குடையோடு ஒரு பெரியவர் அந்த வழியாக வந்தார். நின்றார். பூட்டிய கதவைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். வாத்தியாரிடம் வந்தார்.

"எதுக்குங்க நிக்கிறீங்க?"

மழைக்கு என்று சொல்ல வாத்தியார் வாயைத் திறந்துவிட்டார். அப்போது முன்னாலிருந்து பிள்ளைகள் எல்லாரும் ஒரே சமயத்தில் திரும்பி அவரைப் பார்த்தார்கள். வாத்தியார் வாயை மூடிக்கொண்டார். பெரியவர் தனக்குள் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு குடையை மடக்கிவிட்டு, வாத்தியாரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

வாத்தியாரின் பிடரி சிலிர்த்தது. முப்பது வருடமாக மற்றவர் முதுகுக்குப் பின்னால் நின்ற மனிதர். தன் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆய்வுப் பொருள் தானாக வந்து நின்றால் சிலிர்க்காதா?

"பிள்ளைங்களா, யாரும் அசையாதீங்க. இதுதான்," என்றார் உதடு அசையாமல்.

மழை விட்டது. வரிசை விடவில்லை. பெரியவருக்குப் பின்னால் ஒரு செவிலியர் வந்தார், அவருக்குப் பின்னால் தள்ளுவண்டிக் குழந்தையோடு ஒரு தாய், பிறகு வரிசை என்றால் என்னவென்றே கேள்விப்படாத ஒரு கல்லூரிக் கும்பல். அந்த ஊர்க்காரர்களுக்கு உள்ளுக்குள் எத்தனை வருடத்து ஏக்கம் இருந்ததோ, அணை உடைந்த மாதிரி வந்து நின்றார்கள். வரிசை சந்து முனையைத் தாண்டிக் கடைத்தெருவுக்குள் நுழைந்தது. ஒரு பேருந்து, வழியில்லாமல், பயணிகளோடு வரிசையிலேயே நின்று, அடி அடியாக நகரத் தயாரானது. முடிதிருத்துபவர் ஒருவர் கத்தரியோடு நடந்து நடந்து நின்றவர்களுக்கு முடி வெட்டிவிட்டார். ஊரின் மேயர் வந்தார். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் விடக்கூடாது என்ற விதி அதற்குள் வரிசை முழுக்கப் பரவிவிட்டிருந்ததால், அவரையும் வாலுக்கு அனுப்பிவைத்தார்கள்.

இந்த இடத்தில்தான் அந்தப் பச்சைக் கதவு வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார்.

பல் செட் செய்து பொருத்துகிறவர். மெலிந்த, மரியாதையான மனிதர். ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையில் பல் அச்செடுக்கும் மாவு டப்பா. பச்சைக் கதவுக்கு நேராக வந்தவரை வாயாடி கை நீட்டி மறித்தாள்.

"ஐயா, வரிசையோட கடைசி அந்தப் பக்கம் இருக்கு."

"இல்லம்மா, இது என் வீடு."

"காலையிலேருந்து ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க ஐயா. எல்லாரையும் விட்டா எப்படி?"

"என் கையில சாவி இருக்கும்மா."

"அப்ப முறை வரும்போது உங்களுக்கு ரொம்ப வசதியாப் போச்சு."

அந்த மனிதர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த ஊரில் வளர்ந்தவர், நியாயத்துக்குக் கட்டுப்பட்டவர். "மன்னிச்சுக்கோங்க, கவனிக்கல" என்று சொல்லிவிட்டு, காய்கறிப் பையோடு வரிசையின் வாலைத் தேடி நடந்தார். அது இப்போது ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

அவர் போய் நின்ற கொஞ்ச நேரத்தில், அவருக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்து நின்றவர் அண்ணி. விடுதியிலிருந்து மாப்பிள்ளையைத் தேடிக் கிளம்பியவர், பாதி ஊர் நிற்பதைப் பார்த்துவிட்டு ஆடிப்போயிருந்தார். முன்னால் போய் விசாரிக்கப் பார்த்தார். விடுவார்களா?

வாத்தியாரோடு போனில்தான் பேச முடிந்தது.

"மாப்பிள்ளை, இதெல்லாம் உங்க வேலையா?"

"வெளியூர்ல நான் பேராசிரியர், மேடம்."

"ஜோக்கா? சரி, வரிசைதான், ஒத்துக்கறேன். ஆனா எதுக்கு நிக்கிறாங்க?"

"அதைச் சொன்னா ஆய்வு..."

"காரணம் இல்லாம நின்னா அதுக்குப் பேர் வரிசை இல்ல, கூட்டம். கூட்டத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். சாயங்காலத்துக்குள்ள அந்தக் கதவு திறந்து, உள்ள என்னவோ இருக்கணும். இல்லன்னா நூல்கண்டு."

வாத்தியார் கணக்குப் போட்டுப் பார்த்தார். கதவு திறந்தால்தான் காரணம் உண்டு. சாவி இல்லாமல் கதவு திறக்காது. சாவி வைத்திருப்பவரோ ரயில் நிலையத்துப் பக்கம் நிற்கிறார். கதவு திறந்து வரிசை நகர்ந்தால்தான் அவர் இங்கே வர முடியும். அவரை முன்னால் விடலாம் என்றாலோ, தன் வாயாலேயே போட்ட விதி. அதை உடைத்தால் பிள்ளைகளின் ஆய்வே செல்லாது. பதினாறு பிள்ளைகளும் அவரையே பார்த்தார்கள். தூங்குமூஞ்சிகூட ஒரு கண்ணைத் திறந்தான்.

"சார், இப்ப என்ன பண்றது?" என்றாள் வாயாடி. அவள் ஒரே ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டதைப் பார்த்ததும்தான் நிலைமை எவ்வளவு மோசம் என்று அவருக்கு உறைத்தது.

வாத்தியார் முன்னால் நின்ற முதுகையே வெறித்துப் பார்த்தார். பிறகு தன் முதுகைத் தானே ஒருமுறை தட்டிக்கொண்டார்.

"ஏம்மா, நம்ம விதி என்ன? ஆளை முன்னால விடக்கூடாது. சாவியைப் பத்தி நான் ஏதாவது சொல்லியிருக்கேனா?"

"இல்ல சார்!"

அண்ணிக்குப் போன் பறந்தது. பல் செட்காரர் பையிலிருந்து சாவியை எடுத்தார். முன்னால் நின்றவரிடம் கொடுத்தார். அவர் அவருக்கு முன்னால் நின்றவரிடம். சாவி மேயர் கையைத் தாண்டியது, பேருந்தின் பின் சன்னலில் நுழைந்து முன் சன்னலில் வெளியே வந்தது, செவிலியர், பெரியவர், வாத்தியார் எல்லாரையும் கடந்து வாயாடியிடம் வந்தது. வழியில் ஒருவர்கூட அதைக் கீழே போடவில்லை. கதவு திறந்தது. முட்டுக்கொடுத்திருந்த தூங்குமூஞ்சி, நெற்றி முதலில் போக, உள்ளே விழுந்தான்.

உள்ளே முன்னறை. அலமாரி நிறைய, யாரையும் பார்த்து இளிக்காத பற்கள். நடுவில் ஒரு சாய்வு நாற்காலி; பல் பொருத்திக்கொள்ள வருகிறவர்கள் உட்காருவது. தோல் உறை, தலைக்கு ஒரு சின்னத் திண்டு, காலுக்கு ஒரு மணை. தூங்குமூஞ்சி எழுந்தான், அதைப் பார்த்தான், உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் எழுந்து பின்கதவு வழியாக வெளியே போனான். அவன் முகத்தைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்: அந்தப் பையன் பிறந்ததிலிருந்து முதன்முறையாக முழித்திருந்தானாம்.

அடுத்தவர் உட்கார்ந்தார். அதற்கடுத்தவர். காலையிலிருந்து நின்ற கால்கள் அல்லவா? உட்கார்ந்த மாத்திரத்தில் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஒரு 'ஸ்ஸப்பா' கிளம்பியது. வெளியே வந்தவர்களிடம், "உள்ள என்ன?" என்று கேட்டார்கள். "போய்த்தான் பாருங்களேன்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் நேராக நடந்து வரிசையின் வாலில் மறுபடி சேர்ந்துகொண்டார்கள். அங்கே நின்றதும் கால் வலித்தது. கால் வலித்ததும் நாற்காலி நினைவு வந்தது.

வாலில் நின்ற பல் செட்காரருக்குக் கவலையெல்லாம் ஒன்றுதான். "செருப்பைக் கழட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்று முன்னால் சொல்லி அனுப்பினார். சற்று நேரத்தில் வாசலில் செருப்பு மலையாகக் குவிந்தது.

"உங்க வீட்டுக்குள்ள ஊரே போகுது. நீங்க பேசாம நிக்கிறீங்களே!" என்றார் அண்ணி.

"முறைன்னு ஒண்ணு இருக்கு இல்லீங்களா?"

அண்ணி வாழ்நாளில் முதன்முறையாக ஒரு மனிதரை மேலும் கீழும் பார்க்காமல் நேராகப் பார்த்தார். "உங்களை மாதிரி ஒரு ஆள் எங்க ஆபீஸ்ல இருந்தா!" என்றார். பிறகு அவர் கையிலிருந்த காய்கறிப் பையைத் தான் வாங்கிக்கொண்டார்.

பொழுது சாயும் நேரத்தில் அவர்கள் முறை வந்தது. பல் செட்காரர் தன் வீட்டுக்குள் விருந்தாளி மாதிரி கூச்சத்தோடு நுழைந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வாலிப வயதிலிருந்து அடுத்தவர் வாய்க்கு மேல் குனிந்து நின்றே வேலை செய்தவர். ஒரு நாள்கூட அதில் அவர் உட்கார்ந்ததில்லை.

"இது இவ்வளவு நல்லா இருக்கும்னு யாரும் என்கிட்ட சொல்லலையே! எல்லாரும் வாயைத் திறந்தே வெச்சிருந்தாங்களே!" என்றார்.

அவர் எழுந்ததும் அண்ணி உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர், ரயில் நிலையத்திலிருந்து நின்றபடி வந்தவர். தலை திண்டில் பட்டது. கால் மணையில் ஏறியது. உதட்டோரம் ஏதோ அசைந்தது. பக்கத்தில், எப்போதோ தன் முறை முடிந்து பின்கதவோரம் காத்துக் கிடந்த வாத்தியார், கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"மேடம்..."

"அண்ணின்னே கூப்பிடுங்க மாப்பிள்ளை."

"அண்ணி, காரணம்?"

"பேனாவைக் கொடுங்க. என் கைப்பையில இருக்கு. எழுந்திருக்க மனசு வரல."

உட்கார்ந்தபடியே எழுதினார். வரிசையின் நோக்கம் என்ற இடத்தில், 'நின்ற களைப்புத் தீர உட்காருதல்' என்று போட்டார். கீழே கையெழுத்திட்டார். பிறகு எழுந்து, செருப்பு மலையிலிருந்து தன் ஜோடியைத் தேடி மாட்டிக்கொண்டு, ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார்.

"எங்க அண்ணி போறீங்க? விடுதி இந்தப் பக்கம்."

"எனக்குத் தெரியும். நீங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய்ச் சாப்பிட வைங்க. நான் இன்னொரு தடவை நின்னுட்டு வந்துடறேன்."

பிள்ளைகள் அனைவரும் நல்ல மதிப்பெண்ணோடு தேறினார்கள். முன்பு சிரித்த குழு இந்தமுறை அறிக்கையைப் படித்து முடித்துவிட்டு ஒருவர் பின்னால் ஒருவராக வந்து வாத்தியார் கையைக் குலுக்கியது. வெளிநாட்டு வரிசைப் படிப்பு வருடாவருடம் நடக்கலாம், அதை எப்போதும் வரிசை வாத்தியாரே அழைத்துச் செல்லலாம் என்று தீர்மானமாயிற்று. அந்த ஊரில் வரிசை இன்னும் கலையவில்லை. அந்தப் பேருந்து இப்போது மூன்றாம் சுற்றில் இருப்பதாகக் கேள்வி.

வரிசை வாத்தியார் இன்றுவரை பாஸ்போர்ட் எடுத்ததில்லை. ஒருமுறை அந்த அலுவலகம் வரை போனாராம், வரிசை நீளமாக இருந்ததால் திரும்பி வந்துவிட்டார்.